தூதருக்கும் மரியாளுக்கும் நடுவே

"இங்க என்னம்மா இருக்கு?" என்று கேட்டு மாமா மொசைக் படப் புத்தகத்தின் ஒரு பக்கத்தின் மேல் விரலை வைத்தார். விரல் இருந்த இடத்தில் தங்க நிறம் மட்டும்தான் இருந்தது. இடப்பக்கம் கபிரியேல் தூதர் கையை நீட்டியபடி நடந்து வருகிறார். வலப்பக்கம் மரியாள் நிற்கிறாள். இருவருக்கும் நடுவே அகலமாக வெறும் தங்கம். "ஒண்ணுமில்லை மாமா" என்றேன். "அதான். ஒண்ணுமில்லை. இவங்களுக்கு ஆழம் போடத் தெரியலை. பின்னால ஒரு சுவரு, ஒரு ஜன்னல், ஒரு கட்டில், எதையும் போட வராம தங்கத்தைப் பூசி மூடிட்டாங்க." சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தார்.

மாமா முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். எனக்குப் பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். கரும்பலகையில் குறுக்கே ஒரு கோடு, நடுவில் ஒரு புள்ளி, அந்தப் புள்ளியை நோக்கி ஓடும் இரண்டு தண்டவாளங்கள், ஓரத்தில் சிறுத்துக்கொண்டே போகும் தந்திக் கம்பங்கள் என்று வரைந்து காட்டுவார். கடைசிக் கம்பம் சாக்பீஸ் முனையால் வைத்த ஒரு பொட்டு அளவுதான் இருக்கும். ஒரு தட்டைப் பலகைக்குள் மைல் கணக்கில் தூரம் திறந்துகொள்வதை நான் முதன்முதலில் பார்த்தது அவருடைய வகுப்பில்தான். அப்படிப்பட்டவர் 'தெரியலை' என்று சொன்னால் அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. "அது அவங்க பாணி மாமா" என்று ஏதோ சொல்லிப் பார்த்தேன். "தெரியாததுக்கெல்லாம் பாணின்னு பேர் வச்சிட்டா ஆச்சா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பைசாந்தியத் தேவாலயங்களின், அதாவது கான்ஸ்டான்டினோபிளிலிருந்து ஆண்ட கிழக்கு ரோமப் பேரரசு காலத்துத் தேவாலயங்களின், மொசைக் படங்கள் அடங்கிய அந்தப் புத்தகம் ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. மொசைக் என்றதும் நம் வீட்டுத் தரை நினைவுக்கு வரும். இது வேறு. கண்ணாடியையும் கல்லையும் விரல் நகத்தைவிடச் சிறிய சில்லுகளாக உடைத்து, சுவரின் ஈரச் சுண்ணாம்பில் ஒவ்வொன்றாகப் பதித்து உருவம் கொண்டுவருவது. தங்கச் சில்லு என்றால் முழுத் தங்கம் இல்லை. கண்ணாடி மேல் தங்கத் தகட்டை ஒட்டி, அதன் மேல் இன்னொரு மெல்லிய கண்ணாடிப் படலம் போட்டு, பிறகு துண்டு துண்டாக வெட்டியது. இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். கிராமத்துக் கிழவிகள் மாதிரி முகம் இறுகி நேராகப் பார்க்கும் புனிதர்களை எனக்குப் பிடிக்கும். ஏன் பிடிக்கும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மாமாவின் விரல் நின்ற இடம் மட்டும் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது, பல வருஷம்.

பதில் தேடிப் படிக்காமல் இல்லை. படித்த சமாதானங்கள் எதுவும் ஒட்டவில்லை. "இது ஆன்மிகக் கலை, அதனால் உடம்பும் இடமும் முக்கியமில்லை" என்பது அதிகம் சொல்லப்படும் ஒன்று. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதே புத்தகத்தில், மாமா விரல் வைத்த படம் இருக்கும் அதே தாஃப்னி மடத்துச் (ஏதென்ஸ் பக்கத்தில் இருக்கிறது) சிலுவைப்பாடு இருந்தது. சிலுவையில் தொங்கும் அந்த உடல் ஒரு பக்கமாக வளைந்து, தோளில், வயிற்றில் நிழல் விழுந்து, பழைய கிரேக்கச் சிலைக்காரர்களின் பேரப்பிள்ளைகள் செய்தது போலவே இருக்கும். விலாவிலிருந்து இரத்தமும் நீரும் வளைவாகப் பீறிட்டு இறங்க, கீழே ஆதாமின் மண்டையோடு. உடம்பு முக்கியமில்லை என்று நினைத்தவன் செய்த உடம்பா அது? மடிப்பும் நிழலும் போடத் தெரிந்தவர்களுக்கு ஒரு சுவரும் ஜன்னலும் போடவா தெரியாது? அப்படியானால் ஏன் போடவில்லை? கேள்வி இன்னும் கூர்மையானதுதான் மிச்சம்.

மாமாவின் கருத்து மாமாவுடையது அல்ல என்பதும் படிக்கப் படிக்கத் தெரிந்தது. 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கலைஞர்களின் வரலாற்றை எழுதிய வசாரிக்கு 'கிரேக்கப் பாணி' என்பது கிட்டத்தட்ட வசைச் சொல். இறுகிய கோடு, முறைத்த கண், உயிரில்லாத உருவம். அதிலிருந்து ஓவியர் ஜோத்தோ வந்து இத்தாலியை மீட்டார் என்று அவர் கதை சொன்னார். ஃபிளாரன்ஸில் பிறந்த அந்தக் கதை பாடப்புத்தகம் ஏறி, நம் ஊர் டிராயிங் வகுப்பு வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் ஒரு கருத்து எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் அது தப்பென்று ஆகிவிடாதே. மாமாவின் விரல் அந்தத் தங்கத்தின் மேல்தான் இன்னும் இருந்தது.

அந்த மூலை

வேலை விஷயமாக ஏதென்ஸ் போக வாய்த்தபோது நான் முதலில் பார்த்தது தாஃப்னி எந்த நாட்களில் திறந்திருக்கும் என்பதைத்தான். 1999 செப்டம்பர் நிலநடுக்கத்தில் பலமாக அடிபட்டு, பல வருஷம் மூடிக் கிடந்த இடம் அது. அக்ரோபோலிஸைப் பார்க்கும் முன்னே இங்கே வந்தேன் என்று சொன்னால் சிலர் திட்டுவார்கள்.

நகரத்திலிருந்து சுமார் 11 கிலோமீட்டர். பண்டைக் காலத்தில் ஏதென்ஸிலிருந்து எலியூசிஸுக்கு ஊர்வலம் போன புனிதப் பாதை இதுதான். இப்போது லாரிகள் உறுமிக்கொண்டு போகும் நெடுஞ்சாலை. தாஃப்னி என்ற பெயரே கிரேக்கக் கடவுள் அப்பல்லோவின் செடியான லாரலிலிருந்து வந்தது. அப்பல்லோ கோயில் இருந்த இடத்தில்தான் மடம் எழுந்தது. அந்தக் கோயிலின் அயோனியத் தூண்களில் ஒன்று மட்டும் இன்னும் அங்கே இருக்கிறது. மற்றவற்றை பிரிட்டிஷ்காரரான எல்ஜின் பிரபு லண்டனுக்குக் கொண்டுபோய்விட்டார். வெளியே உயர்ந்த மதில், சைப்ரஸ் மரங்கள், முகப்பில் கூரான வளைவுகள். அந்த வளைவுகள் பைசாந்தியம் அல்ல. 1204-இல் சிலுவைப் போர்க்காரர்கள் கான்ஸ்டான்டினோபிளைப் பிடித்த பிறகு இங்கே வந்து தங்கிய பிரெஞ்சுத் துறவிகளுடைய காலத்தது. சாலையின் இரைச்சல் மதிலைத் தாண்டியும் கேட்டது. கதவைத் தாண்டி உள்ளே போனதும் அது குறைந்தது.

உள்ளே முதலில் கழுத்துதான் தானாக மேலே போகும். குவிமாடத்தில் கிறிஸ்து, பாண்டோக்ரேட்டர், எல்லாம் வல்லவர். சுமார் 8 மீட்டர் அகலக் குவிமாடம், அதன் உச்சி முழுக்க ஒரே தலையும் தோளும் இரண்டு கைகளும். அவரைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், கோபக்காரர், நீதிபதி என்றெல்லாம். எனக்கு அந்த இடது கைதான். நற்செய்திப் புத்தகத்தின் ஓரத்தைப் பிடித்திருக்கும் விரல்கள் நீளமாக, முட்டியில் வளைந்து, பனை வேர் மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கின்றன. நடவு நட்ட கை என்று தோன்றியது. குவிமாடத்தின் கழுத்தில் சுற்றிலும் ஜன்னல்கள், அவற்றுக்கு இடையிடையே 16 தீர்க்கதரிசிகள்.

பார்த்துவிட்டு மங்கள வார்த்தைப் படத்தைத் தேடினேன். இயேசு பிறப்பார் என்று தூதர் மரியாளிடம் வந்து சொன்னதை எங்கள் வீட்டில் 'மங்கள வார்த்தை' என்றுதான் சொல்வோம். அப்படியே பழகிவிட்டது. புத்தகத்தில் அகலமான படமாகப் பார்த்திருந்ததால் ஏதோ ஒரு நீளச் சுவரைத்தான் கண் தேடியது. வடக்குச் சுவரில் இல்லை. தெற்கில் இல்லை. இரண்டு சுற்று சுற்றினேன். வெளியே போய்க் கேட்டுவிட்டு வரலாமா என்று யோசித்தபோது, காவலுக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாள் என் தவிப்பைப் பார்த்து எழுந்து வந்தார். மொழி இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை. புத்தகத்தில் இருந்ததை என் கைகளால் நடித்துக் காட்டினேன்: ஒரு கையை நீட்டி, அப்புறம் இந்தப் பக்கம் வந்து தலையைக் குனிந்து. அவர் சிரித்து, வடகிழக்கு மூலையில் மேலே கையைக் காட்டினார்.

சுவரே இல்லை. மூலை.

இதைச் சொல்ல ஒரு நிமிஷம் கட்டடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கீழே இருப்பது சதுரம், மேலே வரவேண்டியது வட்டம். சதுரத்தின் மேல் வட்டத்தை வைத்தால் நான்கு மூலையும் அந்தரத்தில் நிற்கும். கான்ஸ்டான்டினோபிளின் பெரிய கோயிலான ஹாகியா சோஃபியாவைக் கட்டியவர்கள் 537-இல் இதற்கு ஒரு தீர்வு கண்டார்கள், நான்கு மூலையிலும் காற்றில் உப்பிய கப்பல் பாய் போல் வளைந்த முக்கோணங்களை எழுப்பி. 11-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தாஃப்னியைக் கட்டியவர்கள் வேறு வழியில் போனார்கள். ஒவ்வொரு மூலைக்கும் குறுக்கே ஒரு வளைவைத் தாண்டவிட்டு, அதன் பின்னால் மூலையைக் குடைந்த மாடம் மாதிரி விட்டுவிட்டார்கள். விளக்கு வைக்கும் மாடக்குழியை மிகப் பெரிதாக, மிக உயரத்தில், மூலைக்குள் கற்பனை செய்துகொள்ளுங்கள். சதுரம் எண்கோணம் ஆகிவிடும், எண்கோணத்தின் மேல் வட்டம் சுலபமாக உட்காரும். பாரம் தாங்குவதற்காக வந்த குழிவு அது. கொத்தனாரின் தேவை.

அந்தக் குழிவுக்குள்தான் மங்கள வார்த்தை இருந்தது. குழிவின் இடது கன்னத்தில் தூதர். வலது கன்னத்தில் மரியாள். நடுவில், எதுவும் இல்லை என்று மாமா விரல் வைத்த இடத்தில், குழிவின் ஆழம். தங்கம் அங்கே உள்வாங்கிப் போய்ப் பழுப்பாக இருட்டியிருந்தது. அவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இல்லை. எதிரெதிரே இருந்தார்கள். தூதர் நீட்டிய கை ஒரு தங்கப் பூச்சின் மேல் நீண்டிருக்கவில்லை. திறந்த வெளியில், காற்றில் நீண்டிருந்தது. அவர் நடந்து வரும் இடம் வரையப்படவில்லை, ஏனென்றால் அந்த இடம் நிஜமாகவே அங்கே இருந்தது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கழுத்து வலிக்க ஆரம்பித்தபோதுதான் நகர்ந்தேன். நகர்ந்ததும் இன்னொன்று. குவிமாடத்துக்கு நேர் கீழேயிருந்து பார்த்தபோது இருவரும் சமமாக இருந்தார்கள். இரண்டடி வலது பக்கம் வைத்ததும் மரியாள் பாதி மறைவது போல் சாய்ந்து, தூதர் முழுதாக என் பக்கம் திரும்பினார். இடது பக்கம் போனால் தூதர் ஒதுங்கி, மரியாளின் முகம் திறந்தது. தூதரைச் சுற்றி மினுங்கிய தங்கம் நான் நடக்க நடக்க அவரை விட்டு விலகி, குழிவின் வழியே ஊர்ந்து அவள் பக்கம் போனது. தூதர் சொல்லும் நேரம் ஒரு அடி, மரியாள் கேட்கும் நேரம் ஒரு அடி. இதையே நாலைந்து தடவை நடந்து பார்த்தேன். அந்த அம்மாள் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இது புதிதாக இருந்திருக்காது.

புத்தகம் செய்த பிழை அப்போதுதான் புரிந்தது. கேமராவை அந்த மூலைக்கு நேரே நிறுத்தி எடுக்கிறார்கள். குழிந்திருப்பது காகிதத்தில் தட்டையாக விரிகிறது. காற்று தங்கமாகிவிடுகிறது. எத்தனை நல்ல அச்சாக இருந்தாலும் அது ஒரு தேங்காய் மூடியை நசுக்கித் தட்டாக்கிக் காட்டுவது போலத்தான். மாமா அதைப் பார்த்துத் 'தெரியலை' என்றது நியாயம்தான். அவர் பார்த்த பொருளில் ஆழம் இல்லை, எடுத்துவிட்டார்கள்.

முகம் திருப்பாதவர்கள்

அறைக்குத் திரும்பி அன்றிரவு யோசித்துக்கொண்டிருந்தபோது இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. (கலை வரலாறு படித்தவர்கள் இதையெல்லாம் எப்போதோ எழுதிவைத்திருக்கிறார்கள். நான் பிறகுதான் படித்தேன். ஆனால் மூலையை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு படித்ததில் எனக்கு நிறைவுதான்.)

இந்தப் படங்களுக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேலான ஒரு சண்டை இருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டில் பேரரசர்களே படங்களுக்கு எதிராகத் திரும்பினார்கள். உருவங்கள் சுரண்டப்பட்டன, சுண்ணாம்பு பூசப்பட்டன, அந்த இடத்தில் வெறும் சிலுவை வைக்கப்பட்டது. 787-இல் நைசியாவில் கூடிய திருச்சபைச் சங்கம் படங்களை மீட்டுத் தந்தது. மறுபடி தடை வந்தது. 843-இல்தான் ஒருவழியாக முடிந்தது. நைசியாவில் சொல்லப்பட்ட வாதத்தின் சாரம் எளிமையானது: படத்துக்குச் செய்யும் வணக்கம் படத்தில் நிற்பதில்லை, படத்தில் இருப்பவரிடம் போய்ச் சேர்கிறது. அப்படியென்றால் படம் ஒரு வாசல். வாசலில் நிற்பவர் உங்களைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றால் யாரிடம் போய்ப் பேசுவது? பைசாந்தியப் படங்களில் புனிதர்களைப் பக்கவாட்டு முகமாகக் காண்பது அபூர்வம். கடைசி இராவுணவில் யூதாஸை அப்படிக் காட்டுவார்கள். சாத்தானை, விரட்டப்படும் பேய்களை அப்படிக் காட்டுவார்கள். வணங்கத் தகாதவர்களுக்கு ஒரு கண் போதும்.

ஆனால் மங்கள வார்த்தையில் இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள். பேசுகிற இருவர் ஒருவரையொருவர் பார்க்க வேண்டும். தட்டைச் சுவரில் அவர்களை எதிரெதிரே நிறுத்தினால் இருவர் முகமும் பக்கவாட்டில் திரும்பிவிடும், நமக்குக் கிடைப்பது ஆளுக்கு ஒரு காது. நம்மைப் பார்க்கவைத்தால் அவர்கள் பேசிக்கொள்வது அறுந்துவிடும். இந்தச் சிக்கலில் மாட்டிய ஓவியருக்கு அந்தக் கொத்தனாரின் குழிவு எவ்வளவு பெரிய வரம்! முகத்தை முக்கால் பங்கு நம் பக்கம் வைத்துவிட்டு, ஆளைக் குழிவின் கன்னத்தில் நிறுத்தினால் போதும். சுவரின் வளைவே மிச்சத் திருப்பத்தைத் திருப்பிவிடும். அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், நம்மையும் விடுவதில்லை. நாம் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறபோது அவர்கள் பேச்சு நம் தலைக்கு மேலே, நாம் மூச்சுவிடுகிற அதே காற்றில் நடக்கிறது.

பின்னால் ஒரு ஜன்னல், ஒரு கட்டில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். சுவருக்குப் பின்னால் இன்னொரு அறை திறந்திருக்கும். தூதரும் மரியாளும் அந்த அறைக்குள் போயிருப்பார்கள். நாம் வெளியே நின்று எட்டிப் பார்த்திருப்போம். மாமாவின் தண்டவாளம் பலகைக்கு உள்ளே ஓடியது, நம்மை விட்டு விலகி, தூரத்துக்கு. தாஃப்னியின் தங்கம் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. பின்னால் போக வழியில்லாமல் அடைத்துவிடுகிறது. அடைத்ததும் உருவம் முன்னால் வருகிறது, நாம் நிற்கும் இடத்துக்குள். எனக்கு இரண்டும் வேண்டும். ஆனால் ஒன்றை அளக்கும் கோலால் இன்னொன்றை அளந்து 'வரவில்லை' என்று எழுதிவைத்தது அநியாயம், அதை நான் இனி யாரிடமும் தயங்காமல் சொல்வேன்.

அருங்காட்சியகங்கள் மேலும் அன்றிலிருந்து கொஞ்சம் மனத்தாங்கல். சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த மொசைக் துண்டுகளைச் சட்டம் போட்டு, நேரான வெள்ளை விளக்கில் நிறுத்திவைத்திருப்பதை இதற்கு முன் எத்தனையோ முறை ரசித்துப் பார்த்திருக்கிறேன். இப்போது பார்த்தால் இது எந்த வளைவில் இருந்திருக்கும், யாரைப் பார்த்திருக்கும், எதிரே யார் இருந்திருப்பார்கள் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. பாதிப் பேச்சைக் கேட்டது மாதிரி இருக்கிறது.

காலியான மாடம்

அதற்கு இரண்டு நாள் கழித்து ஹோசியோஸ் லூக்காஸ் போனேன். ஏதென்ஸிலிருந்து டெல்ஃபி போகும் வழியில் பிரிந்து, டிஸ்டோமோ என்ற சிற்றூரைத் தாண்டி, ஆலிவ் மரங்கள் நிறைந்த பள்ளத்தாக்கின் சரிவில் இருக்கிறது மடம். 953-இல் இறந்துபோன லூக்கா என்ற துறவியின் கல்லறையைச் சுற்றி வளர்ந்த இடம். பெரிய கோயில் 11-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கட்டியது, தாஃப்னிக்கு அண்ணன் முறை. மாடம் வைத்த மூலைகள், எண்கோணம், அதன் மேல் குவிமாடம், எல்லாம் அதே ஏற்பாடு.

தாஃப்னியில் இருக்கும் நளினம் இங்கே இல்லை. கோடுகள் தடிப்பு, கண்கள் பெரிது, பாதங்கள் கனம். வளைவுகளிலும் சுவர்களிலும் நூற்றுக்கு மேற்பட்ட புனிதர்கள், துறவிகள், ஆயர்கள், போர்வீரர்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் பெயர் எழுதியிருக்கிறது. பெயர் எழுதாவிட்டால் படம் முழுமையாகாது என்பது அவர்கள் வழக்கம். கூட்டமாகச் சேர்ந்த ஊர்ப் பெரியவர்கள் நடுவில் போய் நின்றது போல இருந்தது. தாஃப்னியில் என்னை யாரும் அளவெடுக்கவில்லை. இங்கே எல்லாரும் அளவெடுத்தார்கள். எது உயர்ந்தது என்று கேட்டால் எல்லாரும் தாஃப்னி என்பார்கள். வாழ்நாள் முழுக்க ஒன்றில்தான் போய் நிற்கலாம் என்றால் நான் இங்கே வருவேன்.

இந்த முறை சுவரைத் தேடவில்லை. நேரே மூலைகளைத்தான் பார்த்தேன். தென்கிழக்கில் கிறிஸ்து பிறப்பு, தென்மேற்கில் குழந்தையைக் கோயிலில் காணிக்கையாகக் கொடுப்பது, வடமேற்கில் திருமுழுக்கு. காணிக்கைப் படத்தில் மரியாள் ஒரு கன்னத்தில் நின்று குழந்தையை முன்னால் நீட்டுகிறாள். கிழவர் சிமியோன் எதிர்க் கன்னத்திலிருந்து குனிகிறார். குழந்தை குழிவைத் தாண்டிப் போகவேண்டும். ஒரு தாய் பிள்ளையைத் தன் கையிலிருந்து கைமாற்றும்போது நடுவில் வரும் அந்த ஒரு கணத்துக்கு இவ்வளவு அகலம் இருக்கிறது என்று கல்லில் அளந்து காட்டியது போல் இருந்தது. திருமுழுக்கில் யோர்தான் நீர் குழிவில் நிரம்பி நிற்கிறது. கழுத்தளவு நீரில் கிறிஸ்து.

அப்புறம் வடகிழக்கு. தாஃப்னியில் மங்கள வார்த்தை இருந்த அதே மூலை. இங்கேயும் அதுதான் இருந்திருக்கிறது. இப்போது இல்லை, விழுந்துவிட்டது. குவிமாடத்தின் மொசைக்கும் நிலநடுக்கத்தில் போய், இப்போது அங்கே இருப்பது பின்னால் தீட்டிய சுவரோவியம்தான். மூலையில் வெறும் பூச்சு. தூதர் இல்லை, மரியாள் இல்லை, தங்கம் இல்லை. மாமா கேட்ட கேள்வியை அங்கே நின்று கேட்டுப் பார்த்தேன்: இங்க என்னம்மா இருக்கு? குழிவு இருந்தது. மூன்று மூலையிலும் பேச்சு நடந்துகொண்டிருக்க, இந்த மூலையின் ஆழம் மட்டும் அப்படியே ஆள் வரக் காத்திருந்தது. படத்தை எடுத்துவிட்டால் புத்தகத்தில் வெள்ளைப் பக்கம்தான் மிஞ்சும். இங்கே இடம் மிஞ்சியது. வரைந்தவர்கள் இந்த இடத்தைத்தான் நம்பினார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று தோன்றியது. கண் கலங்கியது. காரணத்தை முழுசாகச் சொல்ல இப்போதும் முடியவில்லை.

ஊர் திரும்பி முதல் ஞாயிற்றுக்கிழமையே மாமா வீட்டுக்குப் போனேன். அவருக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது, ஒரு கண்ணில் பார்வை மங்கல். நான் எடுத்த படம் எதுவும் தேறவில்லை, எல்லாம் ஆடியிருந்தன. அதனால் புத்தகத்தின் அந்தப் பக்கத்தையே பளபளப்பான தாளில் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு போயிருந்தேன். பேச்சில் விளக்கிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. கடைசியில் தாளை இரண்டு கைகளாலும் வளைத்து, அவர் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவர் மூலையில் அழுத்திப் பிடித்தேன். "இது சுவரு இல்லை மாமா, மூலை. நடுவில இருக்கிறது தங்கம் இல்லை, உள்ள போகுது."

அவர் எழுந்து வந்து தரையில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. "இப்படிப் பிடிச்சா எப்படி? மேல வளைவு வரணும்ல" என்றார். "கத்தரிக்கோல் எடுத்துட்டு வா." மேல் ஓரத்தை அரைவட்டமாக வெட்டி, இரண்டு பக்கமும் சின்னச் சின்னதாகக் கீறிவிட்டு, தாளைக் கூம்பு மாதிரிச் சுருட்டி மூலைக்குள் செருகினார். நான் பிடித்ததைவிட அது பல மடங்கு சரியாக இருந்தது. எனக்கு அந்தக் காவல்கார அம்மாள் நினைவு வந்தார். மாமா தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார், தூதரிடமிருந்து மரியாளுக்கு, மரியாளிடமிருந்து தூதருக்கு.

"வெளிச்சம் எங்கருந்து வருது?"

"மேல இருந்து மாமா. குவிமாடத்தைச் சுத்தி ஜன்னல் இருக்கு."

"எத்தனை?"

"பதினாறு."

ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து, டார்ச்சைப் போட்டு என் கையில் கொடுத்தார். நான் தாளுக்கு மேலே பிடித்தேன். பளபளப்பில் ஒரு துண்டு வெளிச்சம் தூதரின் இறக்கை மேல் விழுந்தது.

"மெதுவா நகத்து" என்றார். "அவசரப்படாதே. அவ பக்கம் போகட்டும்."